வடு விழாத தோல்

புட்டு எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், தொட்டித் தண்ணீரில் மெல்லிய வெள்ளைத் துணுக்குகள் மிதக்க ஆரம்பித்தன. நனைந்த டிஷ்யூ தாளைக் கிழித்துப் போட்ட மாதிரி இருந்தது. சில துணுக்குகள் அதன் செவுளில் மாட்டிக்கொண்டு ஆடின. அக்கா மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, புட்டு சட்ட மாத்துது!" என்றான். எனக்கும் சந்தோஷம்தான். பாம்பு சட்டை உரிப்பதைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அதில் ஒரு நல்ல சேதி இருக்கும். பழையது சின்னதாகிவிட்டது, உள்ளே புதியது தயார் என்கிற மாதிரி. நான் படம் எடுத்து வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாலைந்து பேர் இதயம் போட்டார்கள்.

அது வளர்ச்சி இல்லை என்று தெரிய எனக்கு இன்னும் நாலு நாள் ஆனது.

புட்டு ஓர் ஆக்சலோட்டல். மெக்சிகோவின் சாலமாண்டர் வகை. தவளைக்குத் தூரத்துச் சொந்தம். தவளைக்குஞ்சு வாலை இழந்து கரையேறுவதுபோல, மற்ற சாலமாண்டர்கள் பலவும் செவுளை இழந்து கரையேறும். இது ஏறாது. தலைக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று இறகுச் செவுள்களோடு, குழந்தை முகத்தோடு, சாகும்வரை தண்ணீரிலேயே இருக்கும். அந்தக் கோலத்திலேயே முட்டையும் இடும். 2021-இல் மைன்கிராஃப்ட் விளையாட்டில் இதைச் சேர்த்த பிறகு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் இது தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு ஒன்பது வயதிடம் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டது என் தப்பு. அக்கா, "உங்க வீட்டுலயே வச்சுக்குங்க, என் ஃபிளாட்டுக்குக் கொண்டு வந்துடாத" என்று சொல்லிவிட்டாள். அம்மா தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "பல்லிக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களாடா?" என்றார்.

மீன் கடைத் தவுக்கே நல்ல மனிதர்தான். குளோரின் மருந்து ஊற்று, ஃபில்டர் போடு, ஐஸ் போத்தல் போடு, போதும் லா என்றார். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பைப்புத் தண்ணீரை நிரப்பினேன். ஐந்து மணிக்குப் புட்டு உள்ளே நீந்தியது. இந்த விலங்குக்குப் பிடித்த வெப்பம் 16 முதல் 18 டிகிரி. ஜொகூரில் எங்கள் வரவேற்பறை ராத்திரியில்கூட 28-க்குக் கீழே இறங்குவதில்லை. அதனால் போத்தல்களில் தண்ணீரை உறைய வைத்து மாற்றி மாற்றித் தொட்டியில் மிதக்கவிட்டோம். "அதுக்கு ஏர்கான், நமக்குக் காத்தாடியா?" என்று அம்மா கேட்டதோடு சரி. ஆனால் நான் வேலைக்குப் போன பிறகு போத்தல் மாற்றியது அவர்தான்.

நான்காவது நாள் புட்டு புழுவைத் தொடவில்லை. செவுள்கள் முன்பக்கமாக மடங்கியிருந்தன. வால் நுனி கொக்கிபோலச் சுருண்டிருந்தது. வயிற்றுப் பக்கம் வெளுத்த தோலில் ஆங்காங்கே சிவப்பு. தோல் இப்போது துணுக்காக இல்லை, ஏடாக வந்துகொண்டிருந்தது, பாலாடை மாதிரி.

ஆக்சலோட்டல் சாதாரணமாகவே மேல்தோலைச் சிறிது சிறிதாக உதிர்க்கும். பெரும்பாலும் நம் கண்ணில் படாது. கண்ணில் படுகிற அளவுக்கு உரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு, இருந்தாலும் தோலாலும் மூச்சு விடுகிறது. நமக்குத் தோல் ஒரு வேலி மாதிரி. இதற்கு அப்படி இல்லை. தண்ணீரில் இருப்பது தோல் வழியாக உள்ளே வரும், உள்ளே இருப்பது வெளியே போகும். அதன் உடம்பு வெளியேற்றும் கழிவு பெரும்பாலும் அம்மோனியா. ஏரியில் அது கரைந்து போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா, நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக்கும் வேறொரு பாக்டீரியா, இரண்டும் ஃபில்டரில் குடியேறிப் பெருக வேண்டும். அதற்கு நாலு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதுவரை தன் கழிவிலேயே அது கிடக்கும். தோலின் மேலிருக்கும் வழுவழுப்பான சளிப்படலம் முதலில் அரிபடும், பிறகு தோல்.

இதையெல்லாம் அன்று ராத்திரி கூகுளில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று எழுத முடிந்தால் இந்தக் கட்டுரை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு இது முன்பே தெரியும். இதுதான் என் வேலை.

நான் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவில் பொறியாளர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் படித்தவன். எங்கள் காற்றூட்டத் தொட்டியில் இருப்பதும் அதே பாக்டீரியாதான். புதுத் தொட்டி ஒன்றை ஓட்டத் தொடங்கும்போது, வேறோர் ஆலையிலிருந்து லாரியில் சேறு கொண்டுவந்து கொட்டி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கொடுத்து, அது பழகிய பிறகுதான் முழுக் கழிவையும் உள்ளே விடுவோம். போன வருடம் ஒரு ஜூனியர் பையன் அவசரப்பட்டதற்கு நானே திட்டியிருக்கிறேன். அதே நான், மூன்று மணிக்குத் தண்ணீர் நிரப்பி ஐந்து மணிக்கு ஓர் உயிரை விட்டேன்.

தெரியாமல் செய்த பிழை, தெரிந்தே செய்த பிழை என்று நாம் வழக்கமாக இரண்டாகத்தான் பிரிக்கிறோம். தெரியாமல் செய்தால் மன்னிப்பு, தெரிந்தே செய்தால் தண்டனை. என்னுடையது இரண்டிலும் உட்காரவில்லை. தெரிந்ததை வேலையிடத்து லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். வேலையிடத்தில் தண்ணீர் என்றால் கழிவு; அதனால் அளப்பேன். வீட்டில் தண்ணீர் என்றால் அழகு. கீழே நீல விளக்கு, மேலே குமிழி. கண்ணுக்குத் தெளிவாக இருந்தது. தெளிவாக இருக்கும் தண்ணீரை எதற்கு அளக்க வேண்டும்? அம்மோனியாவுக்கு நிறம் இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன.

மறுநாள் காலை ஒரு மினரல் போத்தலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன். 'வீடு' என்று எழுதி எங்கள் மாதிரிகளின் வரிசையில் கடைசியாக வைத்தேன். அம்மோனியா லிட்டருக்கு 2.1 மில்லிகிராம், பிஎச் 7.9. பிஎச்சைச் சும்மா சொல்லவில்லை. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், அதில் ஒன்றுதான் கொடிய நஞ்சு. பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அந்த நச்சுப் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். சூடும் அதை ஏற்றும். எங்கள் ஐஸ் போத்தல் உருகிய மதிய நேரங்களில் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

அதே தாளில், 'வீடு' என்ற வரிக்கு மேல் வரியில், எங்கள் ஆலையிலிருந்து வெளியேறும் தண்ணீரின் அளவு இருந்தது. 14.8. பக்கத்தில் 'தேர்ச்சி' என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். 2009-ஆம் ஆண்டின் தொழிற்கழிவு விதிமுறைப்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஆற்றில் விடுவதென்றால் அம்மோனியா நைட்ரஜனுக்கு எல்லை 10. மற்ற இடங்களுக்கு 20. நாங்கள் இரண்டாவது வகை. ஆக, 14.8 நல்ல எண். கையெழுத்துப் போட்டேன்.

நம் குடிநீரில் அனுமதிக்கப்பட்ட அம்மோனியா 1.5. புட்டுவின் தண்ணீரில் இருக்க வேண்டியது 0. இந்த மூன்று எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1.5 இருக்கும் தண்ணீரை நான் குடிக்கலாம், எனக்கு ஒன்றும் ஆகாது. அதில் புட்டு குடியிருந்தால் தோல் போய்விடும்.

இங்கேதான் நாம் சின்ன வயதிலிருந்து படித்த ஒரு விஷயம் எனக்கு உதவாமல் போனது. இன்னாசெய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் கேட்கிறார், தனக்கு எது துன்பம் என்று தானே அறிந்தவன் பிற உயிருக்கு எப்படி அதைச் செய்கிறான் என்று. பெரும்பாலான நேரத்தில் அது போதும். கிள்ளினால் எனக்கு வலிக்கிறது, அதனால் தம்பியைக் கிள்ளாதே. ஆனால் அந்தக் கேள்வி என் உடம்பை அளவுகோலாக வைக்கிறது. எனக்குச் சுத்தமான தண்ணீர், எனக்குச் சுகமான 28 டிகிரி, எனக்கு ஒன்றும் ஆகாத 2.1 எல்லாம் இதற்குத் துன்பம். என் தோலைக் கேட்டால் "ஒன்னுமில்லையே" என்றுதான் சொல்லும். இந்த மாதிரி உயிரிடம் இரக்கம் மட்டும் வைத்திருந்தால் போதாது. அளந்து பார்க்க வேண்டும். அந்த ஜூனியர் பையனிடம் இதைச் சொன்னபோது, "அண்ணே, டெஸ்ட் கிட்டுக்குப் போய் ஃபிலாசபியா?" என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

புட்டுவைப் பிழைக்கவைத்த கதை நீளமானதில்லை. தொட்டியிலிருந்து எடுத்து, குளோரின் நீக்கிய சுத்தத் தண்ணீர் நிரப்பிய டப்பாவில் விட்டு, தினமும் தண்ணீரை முழுதாக மாற்ற வேண்டும். குளிர்ச்சிக்காக டப்பாவை ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன். கூடாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு வேறு வழி இல்லை. கறிவேப்பிலைக்கும் தயிர் டப்பாவுக்கும் நடுவில் அது இருந்தது. வளர்ப்பவர்களில் சிலர் ஆறிய கட்டங் தேநீரில் பத்து நிமிடம் விடுவார்கள், சீனி பால் எதுவும் இல்லாமல், அதாவது தே-ஓ கோசோங். அதை நான் செய்யவில்லை. தாமான் விளையாட்டுத் திடலில் விழுந்து கிடந்த கெத்தாப்பாங் இலையைக் கழுவி ஊறவைத்து அந்தச் சாற்றைக் கொஞ்சம் சேர்த்தேன், சண்டை மீன் வளர்ப்பவர்கள் செய்வதுபோல.

முதல் நாள் தண்ணீர் மாற்றும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்றார். நான் மருந்து கலந்து வைத்திருந்த வாளிக்குள் கையை விட்டுத் துழாவினார். "இது எரியாதே அதுக்கு?" என்றார். எரியாதும்மா என்றேன். இந்த மூன்று வாரத்தில் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டு மாதத்தில் புட்டு பழையபடி ஆகிவிட்டது. கட்டையாகிப்போன செவுள் இழைகள் திரும்ப முளைத்தன. சிவப்பு மறைந்தது. நீங்கள் இப்போது வந்து பார்த்தால் அதற்கு ஒரு காலத்தில் இப்படி நடந்தது என்று சொல்ல ஒரு தடயமும் இல்லை. ஆக்சலோட்டலின் விசேஷமே அதுதான். கால் போனால் கால் முளைக்கும், வால் முளைக்கும், அறுந்த தண்டுவடம் கூடும், இதயத்தில் ஒரு துண்டு போனாலும் வளர்த்துக்கொள்ளும். நம்மைப்போல் தழும்பை வைத்து மூடாது. எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வரும். 2018-இல் இதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது 3,200 கோடி எழுத்துகள் இருந்தன, நம்முடையதைப்போல் பத்து மடங்கு.

"அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்னா மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். காயம் ஆறிவிட்டது, வடு இல்லை, கோபம் இல்லை, நான் போனால் தீனிக்காக ஓடி வருகிறது. இப்போது எங்கே இருக்கிறது நான் செய்த தப்பு? அதன் உடம்பில் இல்லை. தேடினால் என் கைப்பேசியில் இருக்கிறது, அந்தப் படமாக. நாலைந்து இதயங்களோடு.

ஆறிவிட்ட தீங்கு தீங்கா? பலன் மட்டும்தான் கணக்கு என்றால் என் கணக்கு நேர். ஆனால் அப்படிச் சொல்ல ஆரம்பித்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த விலங்கின் சரித்திரமே காட்டுகிறது. பிரெஞ்சுப் படைகள் மெக்சிகோவில் இருந்த காலத்தில் 34 ஆக்சலோட்டல்கள் பாரிஸுக்குக் கப்பலேறின. 1864-இல் அவற்றில் ஆறு, ஓகுஸ்ட் துமேரில் என்ற விலங்கியலாளரிடம் வந்தன. அந்த ஆறில் ஒன்று வெள்ளை. இன்று உலகத்து ஆய்வகங்களிலும் கண்ணாடித் தொட்டிகளிலும் இருப்பவை பெரும்பாலும் அவற்றின் வம்சம்; புட்டுவின் வெள்ளைக்கும் மூலம் அனேகமாக அங்கேதான். நூற்றைம்பது வருடங்களுக்கும் மேலாக ஆய்வகத்தில் இதன் காலை வெட்டுகிறார்கள். ஏன்? திரும்ப முளைக்கிறது என்பதால். முளைக்காத விலங்காக இருந்திருந்தால் கத்தி இவ்வளவு தூரம் தேடி வந்திருக்காது. நான் அந்த ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை. இன்றைக்கு மயக்க மருந்து கொடுத்து, நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கி, செய்ததை எழுதி வைத்துத்தான் செய்கிறார்கள். தீக்காயம் பட்ட மனிதத் தோலுக்கு ஒருநாள் அது உதவலாம். அவர்களுடையதில் குறைந்தபட்சம் ஒரு பதிவேடு உண்டு. என்னிடம் அதுவும் இல்லை. தாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

தாங்குதல் என்றதும் அந்த இன்னொரு குறள் ஞாபகம் வரும். தன்னைத் தோண்டுகிறவனையே தாங்கி நிற்கும் நிலத்தைப் பொறையுடைமைக்கு உவமை சொல்வது. தமிழ்ப்பள்ளியில் மேடையேறி ஒப்பித்து ஒரு பேனா பரிசு வாங்கியிருக்கிறேன். இப்போது யோசித்தால், அது நிலத்துக்கு இருக்கும் பொறுமையைச் சொல்கிறது, நிலத்தைப்போல் இரு என்று என்னிடம் சொல்கிறது. மண்வெட்டியோடு நிற்பது நானாக இருக்கும்போது அதை எப்படி வாசிப்பது? நிலம் தாங்கும் என்பது எனக்குக் கிடைத்த அனுமதிச்சீட்டு மாதிரி ஆகிவிடுகிறது. வள்ளுவரின் குற்றமில்லை இது. நாம் எந்தப் பக்கத்தில் நின்று ஒப்பிக்கிறோம் என்பதுதான்.

என் தொழிலில் இதற்கு மரியாதையான பெயர் இருக்கிறது: ஆற்றின் தாங்குதிறன். ஆறு கரைக்கும், அதில் இருக்கும் பாக்டீரியா தின்னும், சில கிலோமீட்டரில் தானே சுத்தமாகிவிடும். பொய் இல்லை இது. 14.8 ஆற்றில் போய்க் கலந்தால் 14.8-ஆக இருக்காது. 20 என்ற எல்லை முட்டாள்கள் போட்டதும் இல்லை. ஒரே ஒரு ஆலைதான் ஆற்றில் விடுகிறது, மழையும் தவறாமல் பெய்கிறது என்றால் அந்த எண் நன்றாகவே வேலை செய்யும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டி ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி, 111 பள்ளிகளை மூடினார்களே, அது சட்டத்தை மீறியவர்களின் கதை. அது வேறு. எனக்கு அதைவிட அதற்கு அடுத்த மாதம் நடந்ததுதான் மனதில் நிற்கிறது. ஜொகூர் ஆற்றில் அம்மோனியா ஏறி, சுத்திகரிப்பு ஆலைகளை நிறுத்தினார்கள். அதே ஆற்றிலிருந்து எடுக்கும் சிங்கப்பூரின் ஆலையும் நின்றது. அப்போது நான் இறுதியாண்டு. வகுப்பில் விரிவுரையாளர் அதை ஓர் உதாரணக் கணக்காகப் போட்டார். ஆறு பொதுவாகத் தோல் உரித்துக் காட்டுவதில்லை. காட்டிய அன்றைக்கு நாங்கள் அதைக் கணக்காகப் போட்டோம்.

புட்டுவின் சொந்த ஊருக்கு நடந்ததும் இதுதான். மெக்சிகோ நகரின் தெற்கே சொச்சிமில்கோ. ஏரிச் சேற்றை அள்ளி மேடாக்கிய சினாம்பா தோட்டங்கள், நடுவில் கால்வாய்கள். ஒரு காலத்தில் மலை ஊற்றுத் தண்ணீர் ஓடிய இடம். இருபதாம் நூற்றாண்டில் அந்த ஊற்றுகளைக் குழாய் போட்டு நகரத்துக்குத் திருப்பினார்கள். ஊற்று வற்றியது. பிறகு கால்வாய்க்கு எதை விடுவது? சுத்திகரித்த கழிவுநீரை. அதாவது என்னைப்போல் ஒருவன் கையெழுத்துப் போட்ட தண்ணீரை. அதோடு உணவுக்காகக் கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலாப்பியாவும் முட்டைகளைத் தின்றன. 1998-இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன. 2014 கணக்கெடுப்பில் 36. கால் போனால் முளைக்கும் விலங்கு, இதயம் கிழிந்தால் தைத்துக்கொள்ளும் விலங்கு. மரணத்திலிருந்து தப்பி ஓடிய ஷோலோட்ல் என்ற தெய்வம் கடைசியாக இந்த உருவத்தில்தான் தண்ணீருக்குள் ஒளிந்ததாம். அங்கேயும் பிடிபட்டு விட்டதாம். லூயிஸ் சாம்பிரானோ என்ற சூழலியலாளரும் அவருடைய குழுவினரும் இப்போது விவசாயிகளோடு சேர்ந்து, சில கால்வாய்களின் வாயில் தடுப்பும் வடிகட்டியும் வைத்து, கெண்டை வராத சிறு புகலிடங்களை உண்டாக்குகிறார்கள். வளர்ப்பில் பிறந்த 18 ஆக்சலோட்டல்களைத் திறந்த நீரில் விட்டுப் பார்த்ததில் அவை பிழைத்தன என்று 2025-இல் ஓர் ஆய்வு வெளியானது. படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அந்த வடிகட்டியின் படத்தைப் பெரிதாக்கி, என்ன கல் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன், தொழில் புத்தி.

தமிழில் நீர்மை என்றால் தன்மை, நல்ல குணம். தண்ணீரின் தரம் என்று நான் அறிக்கையில் தினமும் எழுதுவதை, பழைய ஆட்கள் ஒரு மனிதனின் குணத்துக்கே பெயராக வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சொல் பிடிக்கும், ஆனால் இதை வைத்து மேற்கொண்டு நீட்ட விருப்பமில்லை. அம்மாவின் கையைப் பற்றி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பா இறந்த பிறகு அம்மா ஒரு கேண்டீனில் மங்கு கழுவினார். பதினொரு வருடம். என் எஸ்பிஎம், மெட்ரிக், பட்டம் எல்லாம் அதில் அடக்கம். அந்த வருடங்களில் அம்மாவின் விரல்களில் தோல் உரிந்துகொண்டே இருக்கும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விரல் நுனி கைலி நூலில் மாட்டி இழுக்கும், அந்த மெல்லிய 'சர்ர்' சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. என்னம்மா இது என்றால், "என் கை வாகு அப்படி" என்பார். நாங்களும் நம்பினோம். சித்திக்குச் சுருட்டை முடி, அம்மாவுக்குத் தோல் உரியும் கை. ஒருமுறை ஏதோ விண்ணப்பத்துக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் கட்டைவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். மெஷின் எடுக்கவில்லை. துடைத்து வைத்தார், எடுக்கவில்லை. இடது கை வைத்தார், எடுக்கவில்லை. அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே, "மக்சிக்கு ரேகையே இல்லையே" என்றார். அம்மாவும் சிரித்தார். நானும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்ததும் அம்மா கேண்டீனை விட்டுவிட்டார். ஆறேழு மாதம் கழித்து வேறொரு கவுண்டரில் மெஷின் ஒரே தடவையில் ரேகையை எடுத்துக்கொண்டது. ஆகவே இன்றைக்கு அம்மாவின் கையிலும் தடயம் இல்லை. அந்தச் சவர்க்காரத் தண்ணீரில் என்ன இருந்தது, எவ்வளவு பிளீச் ஊற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இரசாயனப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பிள்ளை வீட்டிலேயே இருந்தது. பிஎச் தாள் ஒரு கட்டு என் பையிலேயே கிடக்கும். ரப்பர் கையுறை ஒரு ஜோடி என்ன விலை வந்துவிடும்? கேண்டீன்காரர் வாங்கித் தரவில்லை என்று சொல்லலாம். நானும் வாங்கித் தரவில்லை. அம்மா தாங்குவார் என்பது எங்கள் வீட்டில் பேசாமலே முடிவான ஒன்று. அதன் மேல்தான் என் பட்டம் நிற்கிறது.

சில்லர் வாங்கிப் பொருத்திய அன்று, ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட், அம்மாவிடம் கேட்டேன்.

"அப்ப கை எரியலயாம்மா?"

"எரிஞ்சுச்சு. அதுக்கு?"

பதில் தெரியாமல் நான் குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் சோற்றைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

ஆலையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. காற்றூட்டும் நேரத்தைக் கூட்டினால் 14.8-ஐ 8-க்கு இறக்கலாம், மின்கட்டணம் இவ்வளவு ஏறும் என்று ஒரு பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். "லிமிட்டுக்குள்ளதானே இருக்கோம்" என்றார். ஆமாம் என்றேன். தாளை அவர் திருப்பித் தரவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. மேசையில் இருக்கிறது. போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டுத் தண்ணீர் சோதனை. சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்து சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏறக் கெடுதல். அக்கா மகன் வந்திருந்தால் சொட்டு எண்ணுவது அவன் வேலை. நிற அட்டையோடு ஒப்பிடுவது அம்மாவின் வேலை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குழாயை அட்டையில் ஒட்டி வைத்துப் பார்ப்பார்.

போன வாரம் நான் மஞ்சள் என்றேன். அம்மா இல்லை என்றார்.

"பச்ச ஓடுது பாருடா, ஓரத்துல."

"டியூப்லைட் வெளிச்சம்மா அது."

"வெளிய வா, வெயில்ல வச்சுப் பாப்போம்."

மூன்று பேரும் வாசலுக்குப் போனோம்.